பழைய டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

1960-களில் வந்த டிரான்சிஸ்டர் ஸ்டீரியோ ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் நின்று, உள்ளீட்டைத் தேர்ந்து ஒலியைச் சீராக்கித் தரும் பெட்டி) ஒன்று கையில் இருக்கிறது. ஓடுகிறது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்திடுங்க." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முப்பது கெப்பாசிட்டரை ஒரே மூச்சில் கழற்றி மாட்டினால், பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக ஒன்றிரண்டு சேர்ந்துகொள்ளும். ஒன்றைத் தலைகீழாக மாட்டியிருப்போம், வேறோர் இடத்தில் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்திருக்கும். அப்புறம் எது அதன் வியாதி, எது நம் கைவேலை என்றே தெரியாது. கெப்பாசிட்டரை மாற்றத்தான் போகிறோம், ஆனால் கோளாறைக் கண்டுபிடித்த பிறகு.

கண்டுபிடிக்க ஒரு பெரிய வசதி இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டீரியோ என்பதால் ஒரே சர்க்யூட்டை இரண்டு முறை கட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கெடுவது அபூர்வம். இடது சேனல் கெட்டிருந்தால் வலது சேனல்தான் உங்கள் சர்வீஸ் மேனுவல். இரண்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் அதுவும் ஒரு தடயம்தான். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பவர் சப்ளை, முதலில் அங்கே போங்கள்.

மூடியைத் திறக்கும் முன்

டிரான்சிஸ்டர் பக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 வோல்ட்தான் இருக்கும். வால்வு செட்டில் இருக்கும் 300 வோல்ட் பயம் இங்கே இல்லை. ஆனால் மெயின்ஸ் பக்கம் எந்தக் காலத்துப் பெட்டியிலும் ஆளைக் கொல்லும். அதுவும் அந்தக் காலப் பெட்டிகளில் பவர் ஸ்விட்சின் முனைகளும், பின்பக்கம் மற்ற கருவிகளுக்காக வைத்த ஏசி அவுட்லெட்டின் முனைகளும் மூடாமல் திறந்தே கிடக்கும். எர்த் இல்லாத இரண்டு கம்பி வயர், மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு, அதாவது பெட்டியின் உலோக உடலுக்கு, ஒரு சிறு கெப்பாசிட்டர் என்ற அமைப்பும் சகஜம். சேசிஸைத் தொட்டால் லேசாகக் கூசுகிறது என்றால் அந்தக் கெப்பாசிட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதை மட்டும் எதுவும் யோசிக்காமல் உடனே எடுத்துவிட்டு, அதே மதிப்பில் ஒய் வகைப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் போடலாம். முன்னே சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. உயிர் சம்பந்தப்பட்டது.

வோல்டேஜ் செலக்டர் உங்கள் மெயின்ஸுக்குச் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 117 வோல்ட்டுக்கு மட்டும் கட்டிய பெட்டியை 230-ல் செருகினால் அதற்கப்புறம் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. பல வருடம் கரண்டே பார்க்காத பெட்டி என்றால், 25 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு ஆன் செய்யுங்கள். ப்ரீஆம்ப் இழுப்பது சில வாட்தான். பல்பு மங்கலாக இருந்தால் அல்லது எரியவே இல்லையென்றால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட்.

நல்ல ஸ்பீக்கரை இப்போது இணைக்க வேண்டாம். போனால் போகட்டும் என்று நினைக்கும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும்.

பிளஸ் எது, மைனஸ் எது

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஆரம்ப கால ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் பிஎன்பி வகை. அதனால் சப்ளையின் பிளஸ் முனை சேசிஸில் இருக்கும், சர்க்யூட்டுக்கு ஓடுவது மைனஸ். மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் வைத்தால் எல்லா அளவும் மைனஸில் வரும். அது கோளாறு இல்லை. ஆனால் சப்ளையின் டிசியைச் சமப்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றும்போது "மைனஸ் என்றால் சேசிஸ்" என்ற பழக்கத்தில் மாட்டினால் வெடிக்கும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.2 முதல் 0.3 வோல்ட் வந்தால் ஜெர்மானியம், 0.6 முதல் 0.7 வந்தால் சிலிக்கான். ஒரே பெட்டிக்குள் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. இந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டால் பின்னால் மாற்று டிரான்சிஸ்டர் தேடும்போது உதவும். ஜெர்மானியம் இருந்த இடத்தில் சிலிக்கானை நேரடியாகப் போட்டால் பயாஸ் (டிரான்சிஸ்டர் வேலை செய்ய பேஸுக்குக் கொடுத்து வைத்திருக்கும் டிசி நிலை) மாறிவிடும், பக்கத்து ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சத்தமே வரவில்லை

டேப் மானிட்டர் பட்டனைப் பாருங்கள். அது அமுங்கியிருந்தால் ப்ரீஆம்ப் தன் உள்ளீட்டை விட்டுவிட்டு, இல்லாத டேப் டெக்கிலிருந்து சத்தத்தை எதிர்பார்த்து நிற்கும். சிரிக்க வேண்டாம். நானே ஒருமுறை மூடியைக் கழற்றி, சப்ளை முழுவதையும் அளந்து முடித்த பிறகுதான் இதைக் கவனித்தேன். 

அடுத்தது கேபிள். ஐரோப்பியப் பெட்டிகளில் ஐந்து பின் டின் (DIN) சாக்கெட் இருக்கும். அதில் 1, 4 பின்கள் பதிவுக்கு, 3, 5 பின்கள் ஒலிப்பதற்கு, 2 எர்த். கடையில் வாங்கிய மாற்றுக் கேபிளில் ஒரு ஜோடிக்குத்தான் இணைப்பு இருக்கும், அது நமக்கு வேண்டாத ஜோடியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. இவை எல்லாம் சரி என்றால் ஃபியூஸ், அப்புறம் சப்ளை வோல்டேஜ். டிரான்ஸ்பார்மர் ஏசி தருகிறது, ஆனால் டிசி இல்லை என்றால் ரெக்டிஃபையர். ஏசியே இல்லை என்றால் பவர் ஸ்விட்ச். பின் அவுட்லெட்டுகளில் பெரிய கருவிகளை மாட்டி ஓட்டிய பெட்டிகளில் ஸ்விட்சின் உள்முனை கருகியிருக்கும்.

ரெக்டிஃபையர் தகடு தகடாக அடுக்கியது போல இருந்தால் அது செலினியம். எரிந்தால் மிக மோசமான நாற்றம் வரும், அந்தப் புகை நச்சு, முகர்ந்து பார்த்துச் சோதிக்க வேண்டாம். அதை எடுத்துவிட்டுச் சிலிக்கான் டயோடு போடும்போது, செலினியம் தின்றுகொண்டிருந்த வோல்டேஜ் இப்போது மிச்சமாகிச் சப்ளை ஏறும். தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ரெசிஸ்டரின் மதிப்பை அளந்து முடிவு செய்யுங்கள், ஊகிக்க வேண்டாம்.

ஒரு சேனல் இல்லை, அல்லது வந்து வந்து போகிறது

முதலில் ஸ்பீக்கர், பவர் ஆம்ப் இரண்டையும் சந்தேகத்திலிருந்து விடுவிக்க வேண்டும். ப்ரீஆம்பின் வெளியீட்டில் இடது வலது கேபிளை மாற்றி மாட்டுங்கள். மௌனம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு ப்ரீஆம்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. பிறகு உள்ளீட்டில் மாற்றுங்கள். மௌனம் இப்போதும் தாவினால் ப்ரீஆம்ப் நிரபராதி. தாவாமல் அதே பக்கம் நின்றால் நம் பெட்டிதான்.

அடுத்த கேள்வி: எல்லா உள்ளீட்டிலும் இப்படியா, டர்ன்டேபிளுக்கான ஃபோனோவில் மட்டுமா? மற்ற கருவிகளுக்கான ஆக்ஸில் நன்றாக இருந்து ஃபோனோவில் மட்டும் இல்லை என்றால் டோன் கண்ட்ரோல், வால்யூம், வெளியீடு எல்லாம் ஒரே அடியில் விலக்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பது இரண்டு டிரான்சிஸ்டர், பத்துப் பன்னிரண்டு சில்லறைப் பாகங்கள்.

வந்து வந்து போகிறது என்றால் மீட்டரை எடுக்காதீர்கள். காய்ந்த மரக்குச்சி ஒன்றால் போர்டை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். இந்தப் பெட்டிகளில் கோளாறு உட்காரும் இடங்கள் ஏறக்குறைய தெரிந்தவை. செலக்டர் ஸ்விட்ச். டிரான்சிஸ்டர் சாக்கெட், ஆரம்ப காலத்தில் வால்வு மாதிரியே டிரான்சிஸ்டரையும் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி வளையமாக வெடித்த சால்டர். 1967-ல் வந்த க்வாட் 33 போல போர்டுகளைச் செருகும் வகை என்றால், போர்டின் விளிம்பில் இருக்கும் தொடுமுனைகள். போர்டை இரண்டு மூன்று தடவை உருவிச் செருகினாலே சில பெட்டிகள் உயிர் பெற்றுவிடும். அதோடு நிறுத்தாமல் முனைகளை கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். டைனாகோ பாட்-4 போலக் கிட்டாகவும் விற்கப்பட்ட பெட்டிகளில் இன்னொரு சந்தேகமும் வேண்டும். சால்டர் வைத்தது தொழிற்சாலையா, வாங்கியவரா என்று தெரியாது. மங்கலாகத் திரண்டு நிற்கும் இணைப்பை எல்லாம் ஒருமுறை உருக்கிவிடுங்கள்.

நிரந்தரமாகவே செத்த சேனல் என்றால் இப்போது மீட்டர். நல்ல பக்கத்தில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் மூன்று காலையும் அளந்து காகிதத்தில் எழுதுங்கள், கெட்ட பக்கத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். முதலில் பெரிதாக வேறுபடும் இடத்தில் நில்லுங்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். சப்ளை 24 வோல்ட், கலெக்டரில் 10 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம். எமிட்டரில் 1 வோல்ட் இருந்தால் 1 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, கலெக்டர் ரெசிஸ்டரில் 10 வோல்ட் விழும், கலெக்டர் 14-ல் நிற்கும். இது ஆரோக்கியம். கலெக்டரில் முழு 24 இருந்தால் கரண்டே ஓடவில்லை: டிரான்சிஸ்டர் ஓபன், அல்லது பேஸுக்கு பயாஸ் வரவில்லை. கலெக்டரும் எமிட்டரும் 2 வோல்ட் சுமாரில் ஒட்டி நின்றால் டிரான்சிஸ்டர் உள்ளே ஷார்ட், அல்லது பேஸை எதுவோ அளவுக்கு மீறித் தள்ளுகிறது.

ஒரு பொறி இருக்கிறது. ஃபோனோ பகுதியில் முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரை நேராக இரண்டாவதன் பேஸில் கட்டி, இரண்டாவதன் எமிட்டரிலிருந்து முதலாவதன் பேஸுக்குத் திரும்பக் கொண்டுவந்திருப்பார்கள். அந்தக் காலத்தின் பிரபல அமைப்பு. இதில் ஒன்று படுத்தால் இரண்டின் அளவுகளும் கோணலாகும். முதலாவது கடத்தாமல் போனால் அதன் கலெக்டர் மேலே ஏறும், இரண்டாவது முழுக்கத் திறந்துகொள்ளும், அதன் கலெக்டர் கீழே விழும். பார்த்தால் இரண்டும் செத்தது போலிருக்கும், செத்தது ஒன்றுதான். மீட்டரின் டயோடு சோதனையில் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜெர்மானியத்தைக் கழற்றும்போது காலில் ஒரு உலோகக் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள், சூடு அதில் இறங்கும். சால்டரிங் சூட்டை ஜெர்மானியம் சிலிக்கானைப் போலத் தாங்காது.

ஹம்

ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் உறுமல்தான் ஹம். அதில் நான்கைந்து வகை உண்டு, காதாலேயே பாதியைப் பிரிக்கலாம். முதலில் எல்லா உள்ளீட்டுக் கேபிளையும் உருவுங்கள். ஹம் போய்விட்டதா? அப்படியானால் எர்த் லூப் (இரண்டு வழியாக எர்த் சேர்ந்து வளையமாவது), அல்லது டர்ன்டேபிளின் தனி எர்த் வயர் மாட்டவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

போகவில்லை என்றால் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அப்போதும் அதே அளவில் இருந்தால் ஹம் புகும் இடம் வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால், இல்லாவிட்டால் முன்னால். இந்த ஒரு சோதனை, ஹம் என்றில்லை, எந்த இரைச்சலுக்கும் பொருந்தும்.

அடுத்து, சுருதி. மெத்தென்று அடித்தொண்டையில் "ஊம்" என்றால் மெயின்ஸ் அதிர்வெண், 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். கொஞ்சம் கூர்மையாக "ர்ர்ர்" என்று உறுமினால் அதன் இரட்டிப்பு. முழு அலை ரெக்டிஃபையர் உள்ள பெட்டியில் இரட்டிப்பு என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வற்றிவிட்டது. மெயின்ஸ் அதிர்வெண்ணே என்றால் எர்த் பிரச்சினை, அல்லது டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம். ஆனால் ப்ரீஆம்ப் சொற்பக் கரண்ட்தான் இழுக்கிறது என்பதால் ஒரே டயோடு போட்டுச் சிக்கனம் பிடித்தவர்களும் உண்டு. அங்கே கெப்பாசிட்டர் வற்றினாலும் மெயின்ஸ் அதிர்வெண்தான் வரும். எத்தனை டயோடு என்று எண்ணிவிட்டு முடிவுக்கு வாருங்கள். காது நிச்சயமில்லை என்றால் போனில் இருக்கும் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்று போதும்.

ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சோதிக்கப் பழைய வழி: பவரை அணைத்து, அதே மதிப்பில் நல்ல கெப்பாசிட்டர் ஒன்றைப் பிளஸ் மைனஸ் பார்த்து இணையாக வைத்து, திரும்ப ஆன் செய்வது. ஹம் சட்டென்று குறைந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. இணையாக வைத்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள், பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். குறையவில்லை என்பதால் மட்டும் பழையது நல்லது என்றும் ஆகாது. அது கசிந்து சூடாகிக்கொண்டிருந்தால் இணையாக எதை வைத்தும் பயனில்லை. சப்ளையில் வோல்டேஜை நிலையாக வைக்கும் ஜெனர் டயோடும் ரெகுலேட்டர் டிரான்சிஸ்டரும் இருந்தால் அந்த டிரான்சிஸ்டரின் இரு பக்கமும் அளந்து பாருங்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே வோல்டேஜ் என்றால் அது ஷார்ட் ஆகிச் சும்மா கம்பியாக நிற்கிறது.

ஹம் ஒரு சேனலில் மட்டும், அதுவும் ஃபோனோவில் மட்டும் என்றால் பின்பக்க ஆர்சிஏ சாக்கெட்டுகளைப் பாருங்கள். பழுப்பு நிற அட்டையில் ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள், எர்த் தொடர்பும் அந்த ரிவெட் வழியாகத்தான். அது துருப்பிடித்தால் அந்த ஒரு சாக்கெட்டின் எர்த் அந்தரத்தில் தொங்கும். விரலால் சாக்கெட்டை அசைத்தால் ஹம் மாறும். ரிவெட்டிலிருந்து எர்த் தகட்டுக்கு ஒரு துண்டுக் கம்பியைச் சால்டர் செய்தால் முடிந்தது.

இரண்டு சேனலிலும் ஃபோனோவில் மட்டும் என்றால் பெட்டியை ஓரடி நகர்த்திப் பாருங்கள். மேலேயோ பக்கத்திலேயோ பவர் ஆம்ப் உட்கார்ந்திருந்தால் அதன் டிரான்ஸ்பார்மர்தான் காரணம். செலவில்லாத வைத்தியம்.

மூடியைத் திறந்தால் மட்டும் ஹம் வருகிறது, மூடினால் போகிறது என்றால் கலவரப்பட வேண்டாம். மூடி ஒரு கவசம், அது இல்லாமல் கொஞ்சம் ஹம் வருவது இயல்பு. கண்ணாடி உடல் கொண்ட ஓசி71 போன்ற டிரான்சிஸ்டர் இருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கலாம். அதன்மேல் பூசிய கறுப்பு பெயின்ட் உரிந்திருந்தால் மேசை விளக்கின் வெளிச்சம் உள்ளே போய், விளக்கின் துடிப்பே ஹம்மாகக் கேட்கும். ஜெர்மானியம் வெளிச்சத்தை உணரும். இந்தக் குணத்தையே பயன்படுத்தி ஓசிபி71 என்று ஒளி உணரும் டிரான்சிஸ்டரை விற்றார்கள். கையால் நிழல் விழ வைத்துப் பாருங்கள். ஹம் அடங்கினால் ஒரு சொட்டுக் கறுப்பு பெயின்ட் போதும்.

இரைச்சல், பொரிதல், டப் டப்

ஃபோனோ பகுதி 1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 100 மடங்கு பெருக்கும். ரெக்கார்டில் குறைத்துப் பதிந்த பாஸைத் திரும்ப ஏற்றும் ஆர்ஐஏஏ வளைவு காரணமாக 20 ஹெர்ட்ஸில் அதைப்போல இன்னும் ஒன்பது மடங்கு. ஆகவே முதல் டிரான்சிஸ்டர் சின்னதாகத் தும்மினாலும் ஸ்பீக்கரில் இடி. ஃபோனோ இரைச்சலில் முதல் குற்றவாளி முதல் டிரான்சிஸ்டர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஆனால் கண்ணைத் திறந்து உறுதி செய்வது நல்லது.

சீரான "ஸ்ஸ்" கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்களின் குணம் அது. இரண்டு சேனலிலும் ஒரே அளவில் இருந்தால் விட்டுவிடலாம். எண்ணெயில் பொரிவது போல, அல்லது நினைத்து நினைத்து "டப்" என்று வருவதுதான் வியாதி.

இடத்தைப் பிடிக்க ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டர், 1 முதல் 10 மைக்ரோஃபாரட்டுக்குள், எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சேசிஸில். வால்யூமைக் குறைவாக வைத்து, மறு முனையை வெளியீட்டுப் பக்கத்து டிரான்சிஸ்டரின் பேஸில் வையுங்கள். இரைச்சல் நின்றால் அது இதற்கு முன்னாலிருந்து வருகிறது. ஒரு டிரான்சிஸ்டர் பின்னுக்குப் போங்கள், திரும்ப வையுங்கள். இப்படியே போகும்போது எந்த பேஸில் வைத்தும் இரைச்சல் நிற்கவில்லையோ, அந்த டிரான்சிஸ்டரும் அதைச் சுற்றியிருப்பவையும்தான் காரணம். முன்னே சொன்ன இரட்டை டிரான்சிஸ்டர் அமைப்பில் மட்டும் இந்த முறை குழப்பும், அங்கே இரண்டையும் ஒரே அலகாக நினைத்துக்கொண்டு, நல்ல சேனலில் இருக்கும் டிரான்சிஸ்டரோடு ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பாருங்கள். பொரிதல் அந்தப் பக்கம் தாவினால் சந்தேகமே இல்லை.

டிரான்சிஸ்டரை மாற்றியும் போகவில்லையா? அதன் கலெக்டரில் இருக்கும் ரெசிஸ்டரைப் பாருங்கள். கார்பன் கம்போசிஷன் வகை ரெசிஸ்டரின் குறுக்கே டிசி இருந்தால் அது தன் பங்குக்கு இரைச்சல் போடும், முதல் நிலையில் இருந்தால் எல்லாமே பெருகும். அந்த ஒன்றை மட்டும் மெட்டல் ஃபிலிமாக மாற்றினால் வித்தியாசம் காதில் தெரியும். பெட்டி முழுக்க மாற்றினால் வித்தியாசம் கையில்தான் தெரியும், வலியாக.

டிரான்சிஸ்டர் கால்கள் கறுத்துப் போயிருந்தால் அதுவும் ஒரு குறிப்பு. வெள்ளி பூசிய கால்கள் அப்படி ஆகும். அந்தக் காலத்து ஜப்பானியப் பெட்டிகளில் 2எஸ்சி458 இரைச்சலுக்குப் பேர்போனது.

குமிழைத் திருகினால் கரகர

கான்டாக்ட் கிளீனர் தெளித்து, இருபது முப்பது தடவை இரு பக்கமும் திருகினால் பத்தில் எட்டு சரியாகிவிடும். துரு நீக்கும் பொது எண்ணெய் ஸ்ப்ரேக்கள் வேண்டாம், இன்று வழுக்கும், பிறகு அதிலேயே தூசி ஒட்டும்.

சுத்தம் செய்து ஒரு வாரத்தில் கரகர திரும்பி வந்தால் குமிழைத் திட்டாதீர்கள். முன்னால் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விட வேண்டியது) கசிந்து, டிசி குமிழுக்குள் வருகிறது. குமிழின் மேல்முனையிலும் நடுமுனையிலும் டிசி அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை, பல பத்து மில்லிவோல்ட் இருந்தால் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும். இதைத் தெரியாமல் கிடைக்காத இரட்டைக் குமிழைத் தேடி மாதக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள்.

வால்யூமை மிகக் குறைத்தால் ஒரு பக்கம் முதலில் மங்குகிறது என்பது கோளாறு இல்லை. இரட்டைக் கார்பன் குமிழின் இரண்டு தடங்களும் அடியில் ஒத்துப் போகாது. பாலன்ஸைக் கொஞ்சம் திருகிக்கொள்ளுங்கள்.

பாஸ் இல்லை, ஒலி மெலிந்து கேட்கிறது

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உண்மையாகவே குற்றவாளியாக இருக்கும் இடம் இதுதான். 5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 10 கிலோ ஓமுக்குள் போனால் 3 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதுவே வற்றி 0.2 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால் 80 ஹெர்ட்ஸிலேயே சரிவு தொடங்கிவிடும். ஒரு சேனல் மட்டும் மெலிந்தால் அந்தச் சேனலின் ஒவ்வொரு கப்ளிங் கெப்பாசிட்டருக்கும் இணையாக நல்லதொன்றை வைத்துப் பாருங்கள், பாஸ் திரும்பும் இடத்தில் மாற்றுங்கள். எமிட்டரில் இருக்கும் பைபாஸ் கெப்பாசிட்டரையும் மறக்க வேண்டாம், அது வற்றினால் பாஸோடு சேர்ந்து மொத்த ஒலியும் குறையும்.

இரண்டு சேனலும் சமமாக மெலிந்து, பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தால் பவர் ஆம்பைப் பாருங்கள். வால்வு ஆம்புகளின் பெரிய உள்ளீட்டு எதிர்ப்பை மனதில் வைத்து, வெளியீட்டுக் கெப்பாசிட்டரைச் சிறிதாகப் போட்ட ப்ரீஆம்புகள் உண்டு. 0.22 மைக்ரோஃபாரட்டை இன்றைய 10 கிலோ ஓம் ஆம்பில் மாட்டினால் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேய ஆரம்பிக்கும்.

ஒலி உடைகிறது

சிடி பிளேயரை மாட்டினால் மட்டும் உடைகிறதா? சிடி பிளேயர் முழு அளவில் 2 வோல்ட் தரும். 1960-களின் ஆக்ஸ் உள்ளீடு எதிர்பார்த்தது சில நூறு மில்லிவோல்ட். வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் ஒரு டிரான்சிஸ்டர் நிலை இருந்தால் அது திணறும், வால்யூமைக் குறைத்தாலும் உடைந்தது உடைந்ததுதான். கேபிளில் 22 கிலோ ஓம் தொடரிலும், 4.7 கிலோ ஓம் எர்த்துக்கும் போட்டால் 2 வோல்ட் 0.35 ஆக இறங்கும்.

டேப் ஹெட் என்று எழுதிய உள்ளீட்டில் டெக்கை மாட்டியிருந்தாலும் இதே கதி. அது டேப் கருவியின் ஹெட்டிலிருந்து நேராக வரும் சில மில்லிவோல்ட்டுக்கானது. டெக்கை ஆக்ஸுக்கு மாற்றுங்கள்.

எந்த உள்ளீட்டிலும், மெல்லிய ஒலியிலும் உடைகிறது என்றால் பயாஸ் நகர்ந்திருக்கிறது. செத்த சேனலுக்குச் சொன்ன அதே அளவெடுப்பு. 24 வோல்ட் சப்ளையில் கலெக்டர் 3-லோ 22-லோ நின்றால் அலையின் ஒரு பக்கம் சீவப்படும்.

கொஞ்ச நேரம் நன்றாக, சூடானதும் கெடுகிறது

ஜெர்மானியம் பெட்டி என்றால் இது அதன் பிறவிக் குணம். அதன் கசிவுக் கரண்ட் வெப்பநிலை சுமார் 10 டிகிரி ஏறினால் இரட்டிப்பாகும், வயதான டிரான்சிஸ்டரில் ஆரம்பமே அதிகமாக இருக்கும். ஹேர் டிரையரின் மெல்லிய சூட்டைக் காகிதக் குழல் வழியாக ஒவ்வொன்றின் மீதும் காட்டுங்கள், அல்லது ஃப்ரீஸ் ஸ்ப்ரேயால் ஒவ்வொன்றாகக் குளிர வையுங்கள். குளிர்ந்ததும் சேனல் உயிர் பெற்றால் அதுதான் ஆள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள், அவசரப்பட்டால் பக்கத்து டிரான்சிஸ்டரின் மேல் பழி விழும்.

சிலிக்கான் பெட்டி இப்படிச் செய்தால் டிரான்சிஸ்டரை விட சால்டர் வெடிப்பையே முதலில் சந்தேகிப்பேன்.

ரேடியோ கேட்கிறது

முதல் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்தி டயோடாக வேலை செய்து ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரித்துவிடுகிறது. உள்ளீட்டு எர்த்தைச் சரிபாருங்கள். போதவில்லை என்றால் பேஸுக்குப் போகும் கம்பியில் ஒரு ஃபெரைட் மணி. பழைய டிரான்சிஸ்டருக்குப் பதில் வேகமான புதிய வகை போட்ட பிறகு இது ஆரம்பித்தால், அந்த நிலை தானாகவே ஊசலாடிக்கொண்டிருக்கலாம். மெதுவான வகை ஒன்றைத் தேடுங்கள்.

ஆன் செய்தால் "டம்"

கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகும்போது ஒரு டம் வரத்தான் செய்யும். அதனால்தான் ப்ரீஆம்பை முதலில் ஆன் செய்து பவர் ஆம்பைப் பிறகு ஆன் செய்வதும், அணைக்கும்போது பவர் ஆம்பை முதலில் அணைப்பதும். டம்முக்குப் பிறகு ஸ்பீக்கர் கோன் வெளியே தள்ளிக்கொண்டோ உள்ளே இழுத்துக்கொண்டோ நின்றால் உடனே அணையுங்கள். வெளியீட்டுக் கெப்பாசிட்டர் கசிந்து டிசி போகிறது. இன்றைய பவர் ஆம்புகளில் சில அந்த டிசியையும் சேர்த்தே பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

ஆகவே எந்தக் கோளாறைச் சரி செய்திருந்தாலும், நல்ல ஸ்பீக்கருக்குப் போகும் முன் இரண்டு சேனலின் வெளியீட்டிலும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எர்த்துக்கு மாட்டி, அதன் குறுக்கே டிசி அளந்துவிடுங்கள். ஆன் செய்த உடனே ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை. இரண்டாவது அளவில் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் மூடியை இன்னும் மூட வேண்டாம்.